பீட்ரூட் அப்பளம் பழுப்பாகிப்போனதற்கு 9 லட்சம் ரூபாய் எந்திரமா?

கேள்வி: மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் மகளிர் குழுவாக அப்பளமும் சேமியாவும் போடுகிறோம். செயற்கைச் சாயம் வேண்டாம் என்று பீட்ரூட் சாறு சேர்த்துப் பார்த்தோம். அப்பளம் காய்வதற்குள் பழுப்பாகிவிட்டது. "சாறு பிழிவதெல்லாம் பழைய முறை. கார்பன் டை ஆக்சைடை வைத்துச் சாயம் பிரிக்கும் எந்திரம் 9 லட்சம்தான், மானியம் நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார் ஓர் ஏஜென்ட். வாங்கலாமா? அல்லது ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

நீங்கள் சாறு எடுத்த முறையில் தப்பில்லை. நிறத்தைக் கெடுத்தது அப்பளக்காரம். பீட்ரூட்டின் சிவப்புக்குப் புளிப்பு ஒத்துப்போகும், காரம் ஆகாது. நான் சொல்வது மிளகாய்க் காரமில்லை, சோடா உப்பின் காரம். இரண்டு டம்ளரில் சாறு எடுத்து, ஒன்றில் எலுமிச்சை பிழியுங்கள், மற்றதில் அப்பளக்காரம் கரைத்து லேசாகச் சூடாக்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். எந்த முறையில் பிரித்தெடுத்த பீட்ரூட் சாயமும் அந்த மாவில் நிற்காது.

சரி, அந்த எந்திரம் என்ன செய்யும்? கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கும் மேல் அழுத்தினால், அது வாயுவுமில்லாமல் திரவமுமில்லாமல் ஒரு நிலைக்கு வரும். விசில் அடிக்கிற குக்கருக்குள் இருப்பது ஏறக்குறைய 2 மடங்குதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் அது எண்ணெயில் கரைகிற நிறங்களை இழுக்கும்: மிளகாய்ச் சிவப்பு, செண்டுமல்லி மஞ்சள் போன்றவை. பீட்ரூட் நிறம் தண்ணீரில் கரைவது. வெறும் கார்பன் டை ஆக்சைடு அதைத் தொடக்கூடத் தொடாது. பீட்ரூட்டுக்கு இதை விற்க வருகிறவருக்கு ஒன்று எந்திரம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது தெரியும்.

மானியக் கதைக்கும் ஏமாறாதீர்கள். குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்பது விதி. 9 லட்சத்துக்கு 3 லட்சத்து 15 ஆயிரம் வரும். மீதி 5 லட்சத்து 85 ஆயிரம் உங்கள் தலையில், பெரும்பகுதி வட்டியோடு. விண்ணப்பிக்க உதவுவதற்கு மாவட்ட வள நபர் என்று ஒருவர் உண்டு. அவருக்குத் திட்டமே பணம் கொடுக்கிறது, நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. இதை அலுவலக வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் பாதி ஏஜென்டுகளுக்கு வேலையிருக்காது. எழுதி வைக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஸ்பிரிட் விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்கிறேன். மஞ்சளின் நிறம் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், உண்மைதான். ஆனால் உரிமம் இல்லாமல் உங்களுக்கு கேனில் கிடைப்பது மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலாக இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். உணவு செய்கிற இடத்துக்குள் அந்த கேனே வரக்கூடாது.

மஞ்சளைப் பொடியாகவே போடலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்பு போட்டால் கறை சிவக்கிறதே, அதேதான் அப்பள மாவிலும் நடக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆவதும் இப்படித்தான். புளிப்பு சேர்ந்தால் திரும்ப மஞ்சளாகிவிடும். எலுமிச்சைச் சாதம் பளிச்சென்று இருப்பது அதனால். ஆக, மஞ்சள் போட்ட அப்பளம் ஆரஞ்சாக வந்தால் பயப்பட வேண்டாம், அது கலப்படமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் சரக்கு இப்படிச் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சாயம் என்று மாதிரி எடுத்துப் போனார்கள். முடிவு சுத்தமாகத்தான் வந்தது. வருவதற்குள் அந்த சீசன் போய்விட்டது.

அப்பளத்துக்குப் பொருந்துவது கீரையின் பச்சை. காரத்தில் அது மங்காது. கீரை மசியலில் சிட்டிகை சோடா போடுகிற சமையல்காரருக்கு இது தெரியும். கீரையை 2 நிமிடம் வேகவைத்து அரைத்துச் சேருங்கள். வெயில் நிறத்தை வெளுக்கும், அதனால் நிழலிலோ துணி மூடியோ காயவையுங்கள். சிவப்பு வேண்டுமென்றால் மிளகாய்ப் பொடி.

பீட்ரூட்டைச் சேமியாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் காரம் இல்லை. சாயத்தைப் பிரிக்கவே வேண்டாம். மெல்லிசாகச் சீவி 2, 3 நிமிடம் ஆவி காட்டி, உலர்த்தியில் 55 முதல் 60 டிகிரியில் காயவைத்துப் பொடியுங்கள். பீட்ரூட்டில் 87 சதவீதம் தண்ணீர் என்பதால் 10 கிலோவுக்கு ஒரு கிலோ சொச்சம் கிடைக்கும். சேமியாவை ஆவியில் வைக்கும்போது நிறம் கொஞ்சம் இறங்கும், அதற்குத் தக்கபடி கூட்டிப் போடுங்கள். கடையில் விற்கும் பீட்ரூட் பவுடர் வாங்கினால் அதில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து செய்யும் நிறமில்லாத நிரப்புப் பொடி) எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். உலர்த்தி வாங்கும் முன் ஒத்தக்கடையில் யானைமலை பக்கம் இருக்கும் வேளாண் கல்லூரி வளாகத்துக்கு ஒரு கிலோ சேமியாவோடு போய்க் காட்டிக் கேளுங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டு, வங்கி மேலாளரைப் பார்த்துக் கடன் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.