பதில்: நாசிக்கில் வாங்கிய ஸ்டில்பைட் மாவாக உதிர்கிறது

நாசிக்கில் ஸ்டில்பைட் என்று நீங்கள் வாங்கிய படிகக் கல் ஸ்டில்பைட் அல்ல, பெரும்பாலும் லோமோன்டைட்; இரண்டும் ஜியோலைட் என்ற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணாடி போலிருந்த குச்சிகள் மூன்றே மாதத்தில் சுண்ணாம்பாக வெளுத்து, விரல் பட்டாலே உதிர்கின்றன என்கிறீர்கள். ஸ்டில்பைட் அலமாரியில் அப்படிக் கெடாது.

காரணம், தண்ணீர். ஜியோலைட் படிகக் கூட்டுக்குள் நீர் மூலக்கூறுகள் உண்டு. லோமோன்டைட் வறண்ட காற்றிலேயே அதில் ஒரு பங்கை இழந்து, உள்ளுக்குள் வெடிப்பு விடும். விளக்கு எரியும் கண்ணாடி அலமாரி அதற்கு எமன்.

சரிபார்க்க:

1. உதிராத குச்சி ஒன்றை லென்ஸில் பாருங்கள். நான்கு பட்டையும், சாய்வாகச் சீவிய முனையும் இருந்தால் லோமோன்டைட். ஸ்டில்பைட் என்றால் இடுப்பில் கட்டிய வைக்கோல் கட்டுபோல இரு முனையும் விரிந்து, பக்கத்தில் முத்து மினுக்கம் தெரியும்.

2. உதிர்ந்த தூளில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் கலந்திருக்கிறது.

மிஞ்சியதை மூடியுள்ள டப்பாவில், ஈரப் பஞ்சு ஒன்றைப் படிகத்தில் படாமல் ஓரமாக வைத்து மூடிவிடுங்கள். இனி உதிர்வது குறையும், உதிர்ந்தது ஒட்டாது. பிரஷ்ஷால் தூசி தட்டாதீர்கள். நான் தட்டினேன்; தட்டில் மிஞ்சியது ஒரு ஸ்பூன் மாவு.

ஒன்று கவனம்: அதே கல்லில் வெள்ளைப் பஞ்சு உருண்டைபோல ஓக்கனைட் என்ற இழைக் கனிமம் இருந்தால் நீர் படவே கூடாது. அந்த இழைகள் ஒட்டிப் படிந்தால் மறுபடி எழாது.