படகுச் சவாரியும் பேச்சாளரும்

கேள்வி: என் அலுவலக நண்பர் ஒருவர் வெளிநாட்டில் நடந்த தொழில்நுட்ப மாநாட்டுக்குப் பேச்சாளராகப் போய் வந்தார். மேடையில் பேசியது 40 நிமிடம். ஊர் சுற்றியது மூன்று நாள். கோட்டை, அருங்காட்சியகம், படகுச் சவாரி என்று படங்களாகப் போட்டுத் தள்ளினார். பயணச் செலவு நிறுவனத்துடையது. இதை மாநாடு என்பதா, உல்லாசப் பயணம் என்பதா?
– ஒரு வாசகர்

பதில்: அவர் போட்ட படங்களையெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறீர்கள், அந்த 40 நிமிடத்தில் அவர் என்ன பேசினார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாநாட்டு உரைகளைப் பெரும்பாலும் காணொளியாக வெளியிட்டுவிடுகிறார்கள். கோட்டையைப் பார்த்த கையோடு அதையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

அந்த 40 நிமிடம் வானத்திலிருந்து விழுவதில்லை. மாதக்கணக்கில் முன்னதாகவே உரைச் சுருக்கத்தை எழுதி அனுப்பி, தேர்வுக் குழு அதைப் படித்து, பலவற்றைத் தள்ளிச் சிலவற்றை மட்டும் எடுத்த பிறகே ஒருவர் பேச்சாளர் ஆகிறார். ஆர்வலர்கள் நடத்தும் மாநாடுகள் பலவற்றில் பேச்சாளருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதோடு சரி; சன்மானம் என்று எதுவும் கிடையாது. ஸ்லைடுகளைத் திருத்தித் திருத்தி அமைப்பதும், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு தனியாகப் பேசிப் பார்ப்பதும் அலுவலக நேரத்துக்கு வெளியே, இரவுகளில் நடக்கிற வேலைகள். அவற்றை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை என்பதால் அவை நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

உரைக்கு ஒரு நாள் முன்பே அவர் போய்ச் சேர்ந்திருந்தால் அதிலும் தவறு காண மாட்டேன். பல நேர மண்டலங்களைக் கடந்து செல்பவரின் உடல், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற வேகத்தில்தான் புதிய நேரத்துக்குப் பழகும்; அதற்குத் துணைசெய்வது அங்குள்ள பகல் வெளிச்சத்தில் வெளியே நடமாடுவதுதான். படகில் ஏறியவர், அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு நண்பகல் வரை தூங்கியவரைவிடத் தெளிவான தலையோடு மேடை ஏறியிருப்பார்.

முன்கூட்டியே போவதில் இன்னொரு பயனும் உண்டு. அரங்கம் காலியாக இருக்கும்போதே மடிக்கணினியை ப்ரொஜெக்டரில் இணைத்து, அடாப்டர் பொருந்துகிறதா, திரையின் ஓரம் வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பதோடு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து நிரல் வரிகளைக் கண்ணால் படிக்க முடிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இணையத்தை நம்பியிருக்கும் டெமோ என்றால், அதையே பதிவு செய்த காணொளி ஒன்று கைவசம் இருப்பது நல்லது. 2010 ஜூனில் ஐஃபோன் 4-ஐ அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸுக்கே மேடையில் இணையப் பக்கம் திறக்காமல் நின்றுவிட்டது. அரங்குக்குள் 570 வைஃபை நிலையங்கள் இயங்குவதாகச் சொல்லி, அந்த நெரிசல் குறைய மடிக்கணினிகளை மூடிக் கீழே வைக்கும்படி பார்வையாளர்களிடம் அவர் கேட்டுக்கொண்டார். ஜாப்ஸ் சொன்னால் மூடுவார்கள். உங்கள் நண்பர் சொன்னால் யார் மூடுவார்?

உலாப் போவதும் வேலையின் ஒரு பகுதிதான் என்று கருதும் இடங்கள் உண்டு. ஜெர்மனியின் ஸார்லாந்து மாநிலத்தில் உள்ள டாக்ஸ்டூல் என்ற மையத்தில், 1990 முதல் கணினி அறிவியலாளர்கள் சிறு குழுக்களாகக் கூடி, வாரம் முழுவதும் அங்கேயே தங்கி விவாதித்து வருகிறார்கள். அங்கே புதன்கிழமைப் பிற்பகலை வெளியே போய்வருவதற்கென்றே ஒதுக்கிவைப்பது வழக்கம். சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்பதையும் குலுக்கல் போல மாற்றி மாற்றி வைக்கிறார்கள். தெரிந்தவரோடேயே ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை. அறிமுகமில்லாத இருவர் மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் சேர்ந்து நடந்தால், உரைக்குப் பின்னர் ஐந்து நிமிடக் கேள்வி நேரத்தில் கேட்க முடியாதவற்றைக் கேட்டுக்கொள்வார்கள்.

மாநாட்டின் சாரம் எப்போதும் மேடையில்தான் இருக்கும் என்றும் இல்லை. 1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் (ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இணைப்புகள் கொண்ட எழுத்து) மாநாட்டுக்கு டிம் பெர்னர்ஸ்-லீயும் ராபர்ட் காயோவும் அனுப்பிய கட்டுரையைத் தேர்வுக் குழு ஏற்க மறுத்து, செய்முறை விளக்கத்துக்கு மட்டும் இடம் கொடுத்தது. அவர்கள் உருவாக்கிய, இன்று நாம் எல்லோரும் புழங்குகிற உலகளாவிய வலை (வேர்ல்ட் வைட் வெப்), அந்த மாநாட்டில் ஒரு மேசையின் மேல்தான் இருந்தது. நின்று பார்த்தவர்கள் பார்த்தார்கள்; பெரிய உரைகளைக் கேட்டுவிட்டு நேரே அறைக்குத் திரும்பியவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

இப்படியெல்லாம் சொல்வதால் பேச்சாளர்கள் மீது குறையே இல்லை என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். குறை நிறையவே உண்டு, அதை நீங்கள் வேறு இடத்தில் தேடுகிறீர்கள். உரை முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள், சட்டைக் காலரில் மாட்டிய மைக்கைக் கழற்றிக் கொடுத்தபடியே படியிறங்கி, வாசலில் நிற்கும் காரை நோக்கி விரைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேடையின் கீழே ஓர் இளம் பொறியாளர், தன் பிழைச் செய்தியைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, தன் முறைக்காக நின்றுகொண்டிருப்பார். ‘மின்னஞ்சல் அனுப்புங்கள்’ என்ற ஒற்றை வாக்கியம் அவர் கையில் திணிக்கப்படும். அடுத்த அமர்வில் பேசுகிறவரோ பாதி காலியான அரங்கைப் பார்த்துப் பேசுவார், ஏனென்றால் சக பேச்சாளர்கள் எல்லோரும் அவரவர் சுற்றுலாவில். காணொளியில் கிடைக்கும் உரைக்காக யாரும் இவ்வளவு செலவழித்து ஒருவரை அனுப்ப வேண்டியதில்லை. அமர்வு நடக்கும் நேரத்தில் ஊர் சுற்றியவரை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன். மாலையிலோ, மாநாடு தொடங்கும் முன்போ, முடிந்த பின்போ சுற்றியவரை விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை விஷயம் எளியது. மாநாட்டு நாட்களின் செலவு நிறுவனத்துக்கு. கூடுதலாகத் தங்கிய நாட்களுக்கு அவருடைய விடுப்பு, அவருடைய பணம். அப்படி நடக்கவில்லை என்றால் உங்கள் கடிதம் கணக்குப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும், எனக்கு அல்ல.

நண்பரிடம் நேரிலேயே கேளுங்கள்: யாருடைய உரைகளைக் கேட்டார், அங்கே யாரைச் சந்தித்தார், அவர்களில் ஒருவருக்காவது திரும்பி வந்து பதில் எழுதினாரா? அவர் தடுமாறினால் உங்கள் சந்தேகம் நியாயமானது. தடுமாறாமல் சொன்னால், அடுத்த மாநாட்டுக்கு உரைச் சுருக்கம் எப்படி எழுதுவது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் உங்களுக்கும் திறந்துதான் இருக்கிறது.