கழுத்துப்பட்டையும் கல்லாப்பெட்டியும்: ‘புளூபியர்ட்’ கேள்வி பதில்

காரைக்குடியில் நாங்கள் இருபது இருபத்தைந்து பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழைய படம் பார்க்கிறோம். இந்த மாதம் 1944-இல் வந்த ‘புளூபியர்ட்’. எட்கர் ஜி. உல்மர் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாது. ‘நுவார்’, அதாவது நிழலும் குற்றமும் நிறைந்த இருண்ட படவகை, என்று சொல்லித்தான் போட்டேன். கதை நடப்பது பாரிஸில். இளம்பெண்களின் உடல்கள் ஒவ்வொன்றாகச் சேன் நதியில் கிடைக்கின்றன. காஸ்டன் மோரெல் ஓர் ஓவியன், பூங்காவில் பொம்மலாட்டமும் நடத்துகிறவன். தன் முன்னால் மாடலாக உட்கார்ந்த பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். லூசில் என்ற தையல்காரப் பெண் அவன் பொம்மைகளுக்கு உடை தைக்க வந்து, அவனிடம் மனசைக் கொடுக்கிறாள்.

படம் முடிந்ததும் ஆளுக்கு ஆள் ஒரே நேரத்தில் பேச, எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் பட்டறையை மூடிய பிறகு படம் பார்ப்பதுதான் முழுநேர வேலை. அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன். கதையின் முடிவு வரைக்கும் போட்டு உடைக்கப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோட்டையூர், கல்லூரி மாணவர்: ஐயா, கொலைகாரன் யாரென்று ஆரம்பத்திலேயே தெரிந்துபோய்விட்டது. அப்புறம் இதில் என்ன மர்மம்?

தம்பி, நீங்கள் தப்பான ஆளைத் தேடியிருக்கிறீர்கள். கொலை செய்தவன் யார் என்பதைப் படம் மறைக்கவே இல்லை. ஓவிய வியாபாரி லமார்ட்டைக் கவனித்தீர்களா? மோரெல் வரையும் படங்களை ரகசியமாக விற்பவர் அவர்தான். படத்தில் இருக்கும் பெண் என்ன ஆவாள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும், நல்ல விலை வருகிறது என்றதும் ‘இன்னும் ஒன்று வரைந்து கொடு’ என்று நிற்கிறார். மோரெலே ‘வேண்டாம், இனி வரைய மாட்டேன்’ என்று பின்வாங்கும்போது அவனைத் தூரிகைக்கு இழுத்து வருவது இந்த மனிதர்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேரேட்டில் பற்று யார் கணக்கில், வரவு யார் கணக்கில் என்று பாருங்கள். சாவு பெண்களுக்கு, பைத்தியம் ஓவியனுக்கு, பணம் லமார்ட்டுக்கு. போலீஸ் கழுத்தை நெரித்த கையைத் தேடுகிறது. படத்தைப் பார்க்கிற நாம் கல்லாப்பெட்டியைத் தேட வேண்டும். இன்னொன்று, மோரெல் நடத்தும் பொம்மலாட்டம் என்ன கதை? ஃபாஸ்ட். சாத்தானிடம் ஆன்மாவை அடகு வைத்தவன் கதை. உல்மர் அதைச் சும்மா வைக்கவில்லை. அடகு பிடித்தவர் கடை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

பள்ளத்தூர், ஓர் ஆச்சி: போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் ஆயா கடைசி வரை கேமரா முன்னால் நிற்கவில்லை. இந்தப் படம் அதைத்தான் சொல்கிறதா?

ஆச்சி, இந்தச் சீட்டைப் படித்ததும் ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். இவ்வளவு நாளாக எனக்கு இது தோன்றவில்லை.

மோரெல் தன் கதையை லூசிலிடம் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தெருவில் மயங்கிக் கிடந்த ழானெட்டைத் தூக்கிவந்து பார்த்துக்கொள்கிறான். அவளைத் தெய்வீகமான பெண்ணாக வரைகிறான். அவன் வாழ்க்கையிலேயே சிறந்த படம் அதுதான். பிறகு அவளைத் தேடிப் போகிறான். படத்தில் இருந்த பெண் அங்கே இல்லை, உடம்பை விற்றுப் பிழைக்கும் ஒருத்தி இவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அங்கேயே கொன்றுவிடுகிறான். அன்றிலிருந்து எந்தப் பெண்ணை வரைந்தாலும் அவள் முகம் ழானெட்டாக மாறிவிடுகிறது அவனுக்கு.

அதாவது அவனுக்குப் படம்தான் நிஜம், ஆள் நகல். நகல் மாறினால் பொறுக்கவில்லை. நம் வீடுகளில் முகப்புச் சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருக்கிறோம். மாலை போட்ட படம் என்றால் ஆள் போய்விட்டார், அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் மாறமாட்டார். மோரெல் உயிரோடு இருக்கிறவர்களுக்கு மாலை போடுகிறவன். உங்கள் ஆயா பயந்ததும் ஏறக்குறைய இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பழைய கதை வரும் காட்சிகளில் மட்டும் கேமரா சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரெல்லாம் கோணலாகத் தெரியும். புரொஜெக்டர் சரிந்துவிட்டது என்று எழுந்துபோய் முட்டுக்கொடுத்த அண்ணனுக்கு என் வணக்கம்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற கணக்காளர்: பெரிய செலவில் எடுத்த படமா? பாரிஸ் மாதிரியே இருந்ததே!

பாரிஸும் இல்லை, செலவும் இல்லை. பி.ஆர்.சி. என்ற கம்பெனி எடுத்தது. ஹாலிவுட்டின் பரம ஏழைக் கம்பெனிகளில் ஒன்று. அந்த வரிசைக் கம்பெனிகளை ‘ஏழ்மைத் தெரு’ என்றே கேலி பேசுவார்கள். பெரிய கம்பெனிகள் மாதக்கணக்கில் எடுப்பதை இவர்கள் நாள்கணக்கில் எடுத்து முடிப்பார்கள்.

அதை மறைத்த வித்தைதான் விஷயம். உல்மர் அடிப்படையில் செட் போடும் கலைஞர், ஐரோப்பாவில் நாடக மேடைக்கு வேலை செய்தவர். கேமராவில் அவருக்குத் துணை ஓய்கன் ஷுஃப்டான். 1927-இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்குக் கண்ணாடித் தந்திரம் செய்தவர். சின்ன மாதிரி கட்டடத்தைக் கண்ணாடியில் பிரதிபலிக்கவைத்து, நடிகர் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் ரசத்தைச் சுரண்டிவிடுவார். பொம்மைக் கட்டடத்துக்குள் நிஜ மனிதன் நடப்பதுபோல் தெரியும். அந்த முறைக்கே அவர் பெயர்தான். அப்படிப்பட்டவருக்கு இந்தப் படத்தில் ஒளிப்பதிவாளர் என்று பெயர் போடவில்லை. அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கத்தில் அவருக்கு அட்டை கிடையாது. டைட்டிலில் வேறொருவர் பெயர் வருகிறது. அதே ஷுஃப்டான் பிற்பாடு ‘தி ஹஸ்ட்லர்’ (1961) படத்துக்கு ஒளிப்பதிவுக்காக ஆஸ்கார் வாங்கினார்.

சரி, ஏழைப் படத்தை எப்படிப் பணக்காரப் படமாகக் காட்டுவது? ஒரு விளக்கை அணைத்துவிட வேண்டும். நம் பழைய வீட்டில் மத்தியானம் வளவில் நின்று பாருங்கள். வானத்திலிருந்து வெளிச்சம் முற்றத்தில் விழும், தூணின் ஒரு பாதி பளபளக்கும், மறுபாதி மை. ரெண்டாங்கட்டுக்குள் எத்தனை அறை இருக்கிறது என்று சொல்ல முடியாது. இருட்டு வீட்டைப் பெரிதாக்கிவிடும். உல்மரும் அதைத்தான் செய்தார். நாலு தப்படி தெருவைக் கட்டி, மீதியை நிழலுக்கு விட்டுவிட்டார். நிழலுக்குக் கூலி கிடையாது.

புதுவயல்: ‘நுவார்’ என்கிறீர்கள். நுவார் என்றால் மழை, தொப்பி, சிகரெட், துப்பறிவாளர் இல்லையா? இதில் குதிரை வண்டி ஓடுகிறதே.

நியாயமான சண்டை. ‘ஃபிலிம் நுவார்’ என்ற பெயரை 1946-இல் பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃப்ராங்க் அமெரிக்கப் படங்களுக்குச் சூட்டினார். படம் எடுத்தவர்களுக்கு 1944-இல் அப்படி ஒரு சொல்லே தெரியாது. பேய்ப்பட ரசிகர்கள் இதைத் தங்கள் கூடையில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இது நுவார்தான். உடையைப் பார்க்காதீர்கள், ஆள்களைப் பாருங்கள்: செய்வது தப்பு என்று தெரிந்தும் நிறுத்த முடியாதவன், அவனை வைத்துக் காசு பார்ப்பவர், நெருங்கி வந்துவிட்ட ஒரு பெண்.

ஆதாரமும் கொஞ்சம் இருக்கிறது. பெர்லினில் எடுத்து 1930-இல் வந்த ‘ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்’ என்று ஒரு சின்னப் படம். அதில் ராபர்ட் சியோட்மாக், உல்மர், பில்லி வைல்டர், கேமராவில் இதே ஷுஃப்டான். பின்னால் கூட்டம் சிதறி, பலர் நாஜிகளுக்குத் தப்பி, அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1944-இல் வைல்டர் ‘டபுள் இன்டெம்னிட்டி’ எடுத்தார், சியோட்மாக் ‘ஃபாண்டம் லேடி’ எடுத்தார், இரண்டும் நுவார் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டவை, உல்மர் இதை எடுத்தார். ‘ஃபாண்டம் லேடி’யிலும் கொலைகாரன் ஒரு கலைஞன், சிற்பி. ஒரே அடுப்பில் வெந்த மூன்று சோறு. இதை மட்டும் எப்படி வேறு பந்தியில் உட்காரவைப்பது?

காரைக்குடி, செக்காலை: மீசையும் தாடியும் நீலமாகவே இல்லை. பெயர் எதற்கு?

1697-இல் ஷார்ல் பெரோ எழுதிய கதையில் வரும் நீலத்தாடிப் பிரபு, மனைவிகளைக் கொன்று ஓர் அறையில் பூட்டி வைத்தவன். அதன்பின் பெண்களைத் தொடர்ந்து கொல்கிறவனுக்கு அது பட்டப்பெயராகிவிட்டது. படத்திலும் பாரிஸ் மக்கள் கொலைகாரனுக்கு வைக்கும் பெயர்தான். பெண்களைக் கொன்ற பிரான்சின் நிஜக் கொலைகாரன் லாண்ட்ருவைப் பற்றியதா என்று இன்னொரு சீட்டு கேட்கிறது. இல்லை. 1922-இல் தலை வெட்டப்பட்ட லாண்ட்ரு பணத்துக்காகக் கொன்றவன். மோரெலுக்குப் பணம் பொருட்டே இல்லை, பணம் லமார்ட்டின் இலாகா.

கண்டனூர், தையல் கடை வைத்திருக்கும் பெண்: அந்தக் கழுத்துத் துணி சமாச்சாரம் நம்பும்படி இருக்கிறதா அண்ணே?

இதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் தங்கச்சி! மற்றவர்களுக்காகச் சுருக்கம்: மோரெல் தன் கழுத்துப்பட்டையால்தான் நெரிக்கிறான். அதில் ஒரு கிழிசல். லூசில் அன்பாக இழையோட்டித் தைத்துக் கொடுக்கிறாள். லூசிலின் தங்கை ஃப்ரான்சின் போலீசுக்காக வேவு பார்க்கிறவள், மாடலாகப் போய் உட்கார்ந்து பொறியில் தானே மாட்டிச் சாகிறாள். கொலை நடந்த இடத்தில் கிடைத்த துணியில் லூசில் தன் தையலையே பார்க்கிறாள்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். பேனர் வரைகிற காலத்தில் ஒரு கண்ணைப் பார்த்தே இது எந்தப் பட்டறை ஆள் போட்டது என்று சொல்லிவிடுவோம். கைக்கு எழுத்து மாதிரி ஓர் அடையாளம் உண்டு. விற்றுப்போன ஓவியத்தில் செத்த பெண்ணின் முகத்தை அடையாளம் கண்டு போலீஸ் ஓவியனை நெருங்குகிறது. லூசில் தன் கைவேலையை அடையாளம் கண்டு நெருங்குகிறாள். போலீசைவிட அவள்தான் முந்திக்கொண்டு உண்மைக்குப் போகிறாள், தனியாக அவன் முன்னால் போய் நிற்கவும் செய்கிறாள். அது முட்டாள்தனம் என்று வீட்டுக்காரம்மா சொல்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கானாடுகாத்தான்: கடைசியில் நதியில் விழுந்து சாவது சப்பென்று இருந்தது.

ஆமாம். கூரை மேல் ஓடி, சேன் நதியில் விழுந்து, கதை முடிந்தது. அன்றைய ஹாலிவுட்டில் தணிக்கை விதி அப்படி, குற்றம் செய்தவன் தண்டனை பெறாமல் படம் முடியக்கூடாது. பெண்களைத் தள்ளிய நதியிலேயே அவனும் விழுகிறான் என்பது மட்டும் ஆறுதல்.

காரைக்குடி, இசை ஆசிரியர்: பின்னணி இசை எங்கேயோ கேட்டதாக இருந்தது.

கேட்டிருப்பீர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் சில ஓவியங்கள்’. 1874-இல், செத்துப்போன ஓவிய நண்பர் ஹார்ட்மனின் படங்களைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு எழுதியது. ஓவியன் படத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா!

தேவகோட்டை ரஸ்தா: நம் ஊரிலும் ஸ்டுடியோ இருந்ததே. இந்த மாதிரிப் படம் தமிழில் உண்டா?

உங்கள் தெருவிலேயே இருந்தது. ஏவி.எம். முதலில் தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டுடியோ போட்டார்கள். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்தது. பிறகு சென்னைக்குப் போய்விட்டார்கள். போன பிறகு 1954-இல் அவர்களே ‘அந்த நாள்’ எடுத்தார்கள், எஸ். பாலசந்தர் இயக்கம், பாட்டே கிடையாது. ஓவியன் இல்லை, ஆனால் நிழல் இருக்கிறது, ஒரு சாவைச் சுற்றி ஆளுக்கொரு கதை இருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்த கண்ணோடு அதை மறுபடி பாருங்கள்.

கோட்டையூர், அதே மாணவர்: உங்களுக்கு யாராவது மாடலாக உட்கார்ந்திருக்கிறார்களா?

பேனருக்கு மாடல் ஏது தம்பி? ஸ்டில்லில் கட்டம் போட்டு, துணியில் கட்டம் போட்டு, ஏற்றிக்கொள்வோம். நாங்கள் கொலை செய்தது நடிகர்களின் மூக்கை மட்டும்தான். சொல்லப்போனால் மோரெல் ஒரே மூச்சில் எண்ணெய் வண்ணப் படத்தை முடிப்பதெல்லாம் எனக்குச் சிரிப்பு, ஒரு பூச்சு காயவே நாள் பிடிக்கும்.

ஒரே ஒருவர் உட்கார்ந்தார். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் தாத்தா படம் வேண்டும் என்றார்கள். தாத்தாவுக்குப் போட்டோவே கிடையாது, ஜாடை மூத்த மகனுக்கு உண்டு என்றார்கள். மகனுக்கே அப்போது அறுபது வயதுக்கு மேல். அவரை முற்றத்து வெளிச்சத்தில் நாலு நாள் உட்காரவைத்து, மீசையைக் கூட்டி, கடுக்கன் போட்டு வரைந்தேன். முடித்த அன்று வீட்டார் சுவரில் மாட்டி, பூ மாலை போட்டு, விளக்கேற்றினார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தபடி வந்த மகன் அதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். யாரும் பேசவில்லை. எனக்குக் கூலி கேட்க வாய் வரவில்லை. மறுநாள் காலையில் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன்.