வாட்ஸ்அப் வருகிறது, வெப்சைட் திறக்கவில்லை!

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு. வாட்ஸ்அப் செய்திகள் ஒழுங்காகப் போய் வருகின்றன. ஆனால் பிரௌசரில் எந்தத் தளமும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாலைந்து முறை ரிஃப்ரெஷ் செய்தால்தான் திறக்கிறது. மொபைல் டேட்டாவில் பிரச்சினை இல்லை. பார்க்க வந்தவர் “லைன் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதில்: அவர் சொன்னது பொய்யாக இருக்காது. எனக்குச் சந்தேகம் டிஎன்எஸ் மேல்தான். நீங்கள் அடிக்கும் தளத்தின் பெயருக்குரிய ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் விலாசத்தை, தேடித் தருவது டிஎன்எஸ் சர்வர். பெரும்பாலும் இணைப்பு தரும் நிறுவனத்தின் சர்வரே இதைச் செய்யும். அது திணறினால், ரோடு காலியாக இருந்தும் விலாசம் தெரியாமல் தெருமுனையில் நிற்கும் கதைதான். வாட்ஸ்அப் ஒருமுறை இணைந்தால் அந்த இணைப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். செய்திக்குச் செய்தி விலாசம் கேட்பதில்லை.

கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் கொடுங்கள், அதாவது ping 8.8.8.8 என்று அடித்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் விலாசம் கிடைக்கவில்லை (could not find host) என்று வந்தால் சந்தேகம் உறுதி.

சரி, ரவுட்டருக்குள் போவோம். பிரௌசரில் அடிக்க வேண்டிய அதன் முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், முகவரி பலவற்றில் 192.168.1.1. டிஎச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு ரவுட்டர் ஐபி எண் கொடுக்கும் இடம்) பகுதியில் முதல் டிஎன்எஸ் 1.1.1.1, இரண்டாவது 8.8.8.8 என்று மாற்றிச் சேமியுங்கள். முதலாவது கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனம் 2018-ல் தொடங்கியது, மற்றது கூகுளுடையது, இரண்டும் இலவசம். மாற்றுமுன் பழைய பக்கத்தை போட்டோ எடுத்துவையுங்கள். பிபிபிஓஇ, விலான் என்று இருக்கும் இடங்களில் (நிறுவனத்தோடு ரவுட்டர் இணைவதற்கான விவரங்கள்) மட்டும் கை வைக்க வேண்டாம். பின்புறத்து ரீசெட் ஓட்டையில் குண்டூசியும் வேண்டாம். அந்த விவரங்கள் அழிந்தால் இருக்கிற இணைப்பும் போய்விடும். அப்புறம் போனில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சில நிறுவனங்கள் ரவுட்டரில் இதை மாற்ற விடாது. அப்போது ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ இருக்கிறது (9-ஆம் பதிப்பு முதல்). பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: அதில் எண் போட்டால் ஏற்காது, ‘டிஎன்எஸ் டாட் கூகுள்’ (dns.google) என்ற பெயரைத்தான் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். வெளியூர் லாட்ஜ் வைஃபையில் நெட்டே வராமல் போனால் அதை ‘ஆட்டோமேட்டிக்’கிற்கு மாற்றிவிடுங்கள்.

டிஎன்எஸ் மாற்றினால் டவுன்லோடு வேகம் இரண்டு மடங்காகும் என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள். 8.8.8.8-க்கான பிங்கே விட்டுவிட்டு வந்தால் கோளாறு வேறு. லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள்: சரியானால் வைஃபை, அப்போதும் விட்டுப்போனால் அந்த லைன்காரரைத்தான் மறுபடி கூப்பிட வேண்டும்.