நந்தா தேவி பேஸ் கேம்ப்: ஏஜென்ட் சொல்வது எந்த முகாம்?

அக்டோபரில் 'நந்தா தேவி பேஸ் கேம்ப்' அழைத்துப் போவதாக ஏஜென்ட் சொல்கிறார், உத்தராகண்டின் நந்தா தேவி மலையில் முதலில் ஏறிய பிரிட்டிஷ் மலையேறி டில்மன் முகாமிட்ட அதே இடமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

டில்மன் முகாமிட்டது ரிஷி கங்கை ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக நுழையும் உள் சரணாலயம், அதாவது சிகரங்கள் சூழ்ந்த, மலையடி உட்பகுதி. 1934இல் இன்னொரு மலையேறியான ஷிப்டனும் டில்மனும் மூன்று ஷெர்பாக்களோடு அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து வழி கண்டார்கள். 1936 ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் சக மலையேறி ஓடெலும் 7,816 மீட்டர் உச்சியை அடைந்தார்கள். 1983 முதல் அங்கே மலையேற்றத்துக்கும் ட்ரெக்கிங்குக்கும் தடை. பர்மிட் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் முன்சியாரி ஊர்ப் பக்கமுள்ள 'நந்தா தேவி கிழக்கு' என்ற வேறொரு சிகரத்தின் முகாம். 7,434 மீட்டர் உயரமான அந்தச் சிகரத்தில் 1939இல் போலந்துக் குழு ஏறியது. அருமையான பாதை, தாராளமாகப் போகலாம். ஆனால் பிரதான உச்சியைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் உத்தராகண்டிலேயே உள்ள அவுலியோ கௌசானியோ போதும்.

பயணத் திட்டத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். வழியில் உள்ள மார்தோலி கிராமம் சுமார் 3,400 மீட்டர், முகாம் 4,200ஐ ஒட்டி. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. அவசரத் திட்டங்கள் தவறுவது இங்கேதான். மார்தோலியில் கூடுதலாக ஓர் இரவு கேளுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினால் இரவானாலும் உடனே இறக்கிவிட வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டை நகல்களும் புகைப்படங்களும் கையில் இருக்கட்டும், அனுமதிச்சீட்டு முன்சியாரியில் வாங்க வேண்டும்.