ஜின்செங்: காட்டு வேரா, தோட்டத்து வேரா? கேள்வி பதில்

இந்த வாரம் தெம்புக்கு என்று விற்கும் மூலிகை வேரான ஜின்செங் மட்டும். பார்மசி மாணவர்களுக்கு மூலிகை வேர்களைக் காட்டிப் பாடம் நடத்தியவள் நான். செடி, வேர், வேதியியல், ஆய்வு பற்றிக் கேளுங்கள். யார் எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் வேலை.

ராதிகா, போரூர்: ஸ்ரீபெரும்புதூரில் கொரியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி சிவப்பு ஜின்செங் கொண்டுவந்தான். வெள்ளை ஜின்செங் வேறு செடியா மேடம்?

ஒரே செடிதான், பேனக்ஸ் ஜின்செங். வேரை அப்படியே காயவைத்தால் வெள்ளை, ஆவியில் அவித்துக் காயவைத்தால் சிவப்பு. அவிக்கும் சூட்டில் ஜின்செனோசைடுகளில் (ஜின்செங்கின் முக்கிய வேதிப்பொருள்கள்) ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துண்டுகள் சில கழன்றுவிடும். அதனால் ஆர்ஜி3 போன்ற வகைகள் கூடும். டப்பாவில் செடியின் அறிவியல் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

செந்தில், தாம்பரம்: மொட்டை மாடியில் தொட்டியில் வளர்க்கலாமா?

முடியாது. நல்ல குளிர்காலம் கிடைக்காவிட்டால் அது துளிர்க்காது. விதை முளைக்கவே ஒன்றரை வருடம் போல ஆகும். நம் ஊர் மார்கழி அதற்குக் கோடை.

மணி, மயிலாப்பூர்: காட்டு ஜின்செங்குக்குத்தான் சத்து. தோட்டத்தில் வளர்த்தது நாட்டுக்கோழிக்கு முன் பிராய்லர் மாதிரி. சரிதானே மேடம்?

விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த விலை பெரும்பாலும் அரிதாகக் கிடைப்பதற்கான விலை. கொரியாவிலும் சீனாவிலும் காட்டுச் செடி கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் பிரிமோரியே காடுகளில் கொஞ்சம் மிச்சம். அதன் வணிகத்தையும் 2000-இலிருந்து சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்க ஜின்செங்குக்கு (இதே பேனக்ஸ் இனத்தில் வேறு செடி) அந்தக் கட்டுப்பாடு 1975-லேயே வந்தது. காட்டு வேர் என்று இன்று விற்பதில் நிறைய, காட்டுக்குள் விதை தூவி வளரவிட்டது.

சத்து என்றால் எது? ஜின்செனோசைடு அளவு என்றால், அது இடத்துக்கு இடம் மாறுகிறது. அமெரிக்கக் காட்டுச் செடிகளிலேயே ஆர்ஜி1 என்ற ஜின்செனோசைடு அதிகமும் ஆர்இ என்பது குறைவுமாக ஒரு வகை, அதற்கு நேர்மாறாக இன்னொரு வகை இருக்கின்றன. இது பரம்பரையில் வருவது. இன்னொன்றும் உண்டு. தடித்த நடுவேரைவிடச் சல்லிவேர்களில்தான் செறிவு அதிகம். ஆனால் காசு கொடுப்பது தடித்த வேருக்கு!

மணி மறுபடியும்: காட்டில் கஷ்டப்பட்டு வளர்ந்த செடிக்குத் தற்காப்புச் சரக்கு அதிகம் இருக்காதா?

இது நல்ல கேள்வி. பாதி சரி. ஆய்வகத்தில் தனியாக வளர்க்கும் வேர்களுக்கு, செடி அடிபட்டால் சுரக்கும் ஜாஸ்மோனேட் வகைப் பொருளைக் கொடுத்தால் ஜின்செனோசைடு ஏறுகிறது. வயது கூடினாலும் ஏறும். காட்டு வேர் மெதுவாக வளரும், அதனால் வயதானது. ஆக நீங்கள் காட்டின் பெருமை என்று சொல்வதில் பெரும்பங்கு வயதின் பெருமை.

ஹரிணி, அடையாறு: இடையில் நுழைகிறேன். வயதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இலையுதிர் காலத்தில் தண்டு வருடா வருடம் உதிரும். வேருக்கு மேலே இருக்கும் கழுத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு தழும்பு விழும். அதை எண்ணுவார்கள். அமெரிக்காவில் ஐந்து வயதாகாத காட்டு வேரை ஏற்றுமதி செய்யக் கூடாது. அதைச் சரிபார்ப்பதும் இந்தத் தழும்புகளை வைத்துத்தான். பொடியாக்கிவிட்டால் எண்ணக் கழுத்து ஏது?

மணி: அப்போது காட்டு வேர் ஏமாற்று என்கிறீர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் அநேகமாக எல்லாம் தோட்டத்து வேரை வைத்துத்தான். 2013-இல் வந்த ஆய்வு ஒன்று: புற்றுநோய்க் களைப்பு உள்ள 364 பேர், தினமும் 2000 மில்லிகிராம் விஸ்கான்சின் ஜின்செங் (அந்த அமெரிக்க மாநிலத்துத் தோட்டத்து வேர்) அல்லது போலி மாத்திரை. நாலாவது வாரத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, எட்டாவது வாரத்தில் ஜின்செங் எடுத்தவர்களுக்குக் களைப்பு குறைந்தது தெரிந்தது. காட்டு வேர் இதைவிட மேல் என்று சொல்ல, இரண்டையும் எதிரெதிரே வைத்து இப்படிச் சோதித்துக் காட்டுங்கள். அதுவரை என் வாதம் இதுதான். அடுத்தவருக்கு வழிவிடுங்கள்.

முருகன், பெரம்பூர்: அமுக்கராதானே இந்திய ஜின்செங்?
சாந்தி, ஆவடி: அஸ்வகந்தாவும் இதுவும் ஒன்றா?

இருவருக்கும் ஒரே பதில்: இல்லை. அமுக்கராதான் அஸ்வகந்தா. அது கத்தரிக் குடும்பம், ஜின்செங் வேறு குடும்பம், உள்ளிருக்கும் சரக்கும் வேறு. ராசப்ப செட்டி தெருவில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் அமுக்கரா கிடைக்கும். சந்தேகத்தைத் தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் கேளுங்கள்.

பெயர் வேண்டாம், அண்ணா நகர்: இதய வால்வு மாற்றிய அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். தெம்புக்கு ஜின்செங் தரலாமா?

டாக்டரிடம் சொல்லாமல் தராதீர்கள். 2004-இல் ஆரோக்கியமான 20 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். அமெரிக்க ஜின்செங் எடுத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினின் வேலை குறைந்தது. வால்வு வைத்தவருக்கு அது குறைந்தால் ரத்தம் உறையும் ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக்கே ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், எந்தச் செடி என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

கீதா, நங்கநல்லூர்: பையனுக்கு நீட் தேர்வு. ஞாபகசக்திக்கு?

ஆரோக்கியமானவர்களுக்கு மூளைத்திறன் கூடும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட 2010 காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. தூங்கவிடுங்கள்.

எம்.எஸ்சி. தாவரவியல் மாணவி, கிண்டி: இந்தத் துறையில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய! முதலில் மண்ணைப் பார். ஒரு தடவை ஜின்செங் எடுத்த நிலத்தில் பத்து வருடத்துக்கு மேல் மறுபடி போட முடிவதில்லை, வேர் அழுகிவிடும். பூஞ்சைதான் முக்கியக் குற்றவாளி. ஆனால் வேடிக்கை என்னவென்றால், வேரிலிருந்து மண்ணில் கசியும் ஜின்செனோசைடுகளே அந்த அழுகல் பூஞ்சையின் வளர்ச்சியைத் தூண்டுவதாக 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. தற்காப்புக்கு என்று நாம் நினைக்கும் சரக்கையே எதிரி தின்று கொழுக்கிறதா? ஏன் சில பூஞ்சைகள் ஒடுங்குகின்றன, சில தழைக்கின்றன? நான் உன் வயதில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

காடு பிடிக்கும் என்றால் மானைப் பார். மேற்கு வர்ஜீனியாவில் மெக்ரா, ஃபியூரெடி இருவரும் செய்த ஆய்வு 2005-இல் சயன்ஸ் இதழில் வந்தது. மான் மேய்ச்சல் இதே போக்கில் போனால் அங்கே காட்டு ஜின்செங் ஒரு நூற்றாண்டுக்குள் அழியலாம் என்றார்கள். வேர் தோண்டுகிறவனை மட்டுமே எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாலா, வடபழனி: இந்திய ஜின்செங் என்றால்...

மேலே படியுங்கள் தம்பி.

உஷா, கே.கே. நகர்: சுகர் இருக்கிறது. ஜின்செங் டீ குடிக்கலாமா?

அமெரிக்க ஜின்செங் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம், அதனால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கொதிநீரில் கரைக்கும் துகள் டீ என்றால் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் முதல் சரக்கே குளுக்கோஸ்தான்.