ஆன்மிகக் கேள்வி–பதில்: செபம் வறண்டுபோகும்போது

கேள்வி: பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகாலையில் விவிலியம் வாசித்துத் தியானம் செய்கிறேன். முன்பெல்லாம் ஒரு வசனமே மனத்தை நெகிழ வைக்கும். இப்போது எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆன்மா கடவுளை நோக்கிப் பயணம் செய்கிறது என்கிறார்களே, நான் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறேனா?
(ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: சுவை போய்விட்டது என்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம், சகோதரி. செபத்தைப் பற்றி எழுதியவர்களில் தலைசிறந்தவராகத் திருச்சபை போற்றும் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா புனித தெரேசா, 1535-இல் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்த பிறகு பல ஆண்டுகள் இதே வறட்சியில் கிடந்தவர். செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த வரலாற்றின் கையெழுத்துப் படி திருச்சபை விசாரணை மன்றத்தின் கையில் சிக்கியிருந்த காலத்தில்தான், 1577 ஜூன் 2-ஆம் நாள், தொலேதோ நகரில், தம் 62-ஆம் வயதில், ‘உட்கோட்டை’ என்ற நூலை அவர் எழுதத் தொடங்கினார்.

வைரத்தாலோ தெளிந்த பளிங்காலோ ஆன கோட்டையாக ஆன்மாவை அவர் அதில் காண்கிறார். ஏழு வகை உறைவிடங்கள். நடுவில் அரசராகிய இறைவன். உள்ளே நுழையும் வாசல் செபம். இவற்றை வரிசையாக அடுக்கிய ஏழு படிகள் என்று எண்ண வேண்டாம் என்று அவரே எச்சரிக்கிறார். மேலும் கீழும் பக்கங்களிலும் அறைகள் உண்டு. ஸ்பெயின் நாட்டுக் குறும்பனையின் குருத்தை உறை உறையாக மட்டைகள் மூடியிருப்பதுபோல அவை நடு அறையைச் சூழ்ந்திருக்கின்றன என்கிறார். பனங்காட்டு ஊர்க்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒழுக்கமாக வாழ்ந்து, செபத்தையும் தவறவிடாத நல்லவர்கள் வறட்சியால் தவிப்பதை மூன்றாம் உறைவிடத்தில் பேசுகிறார். ஆகவே உங்கள் நிலை கோட்டைக்கு வெளியே உள்ள நிலை அன்று.

ஆனாலும் எல்லா வறட்சியும் ஒன்றன்று. தெரேசாவோடு சேர்ந்து கார்மேல் சபையைச் சீர்திருத்திய புனித சிலுவை யோவான் இதற்கு மூன்று அடையாளங்கள் தருகிறார். ஒன்று, இறைக் காரியங்களில் சுவை இல்லை; அதே சமயம் உலகப் பொருள்களிலும் ஆறுதல் கிடைப்பதில்லை. இரண்டு, கடவுளுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே என்ற கவலை மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று, எவ்வளவு முயன்றாலும் பழையபடி கற்பனை செய்தும் சிந்தித்தும் தியானிக்க முடியவில்லை. இந்த மூன்றும் ஒருங்கே இருக்க வேண்டும். செபம் கசந்து, தொலைக்காட்சித் தொடர் மட்டும் இனித்தால், அது வெறும் சோம்பல். மூன்றும் இருந்தால், மனத்தைப் பிழிந்து தியானிக்க முயலாமல், அன்போடு இறைவனைக் கவனித்தபடி அமைதியாக இருந்தால் போதும் என்பது அவருடைய அறிவுரை. நீங்கள் கவலைப்பட்டு இக்கேள்வியை எழுதியதே இரண்டாம் அடையாளம் உங்களிடம் இருப்பதைக் காட்டுகிறது. மற்ற இரண்டையும் உங்கள் ஆன்ம குருவிடம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: வேலை போனாலும் உறவு முறிந்தாலும் ‘ஆன்மாவின் இருண்ட இரவு’ என்று சொல்கிறார்களே, சரியா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: சரியன்று. ‘இருண்ட இரவு’ என்பது புனித சிலுவை யோவானின் சொல். துன்பம் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரேசா தம் நூலை எழுதி முடித்த மூன்றாம் நாள், 1577 டிசம்பர் 2 இரவு, சீர்திருத்தத்தை எதிர்த்த கார்மேல் சபையினரே யோவானை அவிலாவில் பிடித்துச் சென்று, தொலேதோவில் ஓர் ஒடுங்கிய அறையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் தப்பினார். ஆயினும் அந்தச் சிறைவாசத்தை அவர் ‘இருண்ட இரவு’ என்று சொல்லவில்லை. இறைவனின் ஒளி ஆன்மாவுக்குள் பாயும்போது, அதைத் தாங்கப் பழகாத ஆன்மாவுக்கு அது இருளாகத் தோன்றுவதையே அவர் அப்படி அழைத்தார். நெருப்பில் இட்ட விறகை எடுத்துக்காட்டுகிறார்: தீ முதலில் அதன் ஈரத்தை வெளியேற்றுகிறது, பிறகு கறுக்கவும் நாறவும் செய்கிறது, கடைசியில் தன்னைப் போலவே ஒளிரச் செய்கிறது. அந்த இரவைப் பாடும் அவர் கவிதை, ‘விடியலைவிட இனிய இரவு’ என்றே அதைப் போற்றுகிறது. மனச்சோர்வு நோயையும் அவர் தனியாகப் பிரித்தே பேசினார். உறக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்கவில்லை என்பவரை மருத்துவரிடம் அனுப்பாமல் ‘இது ஆன்மிக இரவு’ என்று தேற்றுவதை நான் தவறு என்பேன்.

கேள்வி: பயணத்தின் முடிவில் ஆன்மா கடவுளில் கரைந்து மறைந்துவிடுமா?
(ஒரு வாசகர், கோட்டாறு)

பதில்: ஆற்றில் விழுந்த மழைநீரைப் பிரித்தெடுக்க முடியாது என்று தெரேசா ஏழாம் உறைவிடத்தில் எழுதும்போது அப்படித்தான் தோன்றும். யோவான் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார். தூய கண்ணாடியில் கதிரொளி படும்போது கண்ணாடியே ஒளியாகத் தெரிகிறது. ஆனால் கண்ணாடி கண்ணாடிதான், கதிர் கதிர்தான். ஆன்மா இறைத்தன்மையில் பங்கு பெறுகிறது, தன் இயல்பை இழப்பதில்லை.

இந்த ஒன்றிப்புக்குப் பிறகு பரவசத்தில் மூழ்கிக் கிடக்கலாம் என்ற எண்ணத்துக்குத் தெரேசா இடம் கொடுப்பதில்லை. ஒன்றிப்பின் நோக்கமே நற்செயல்கள் பிறப்பதுதான். நற்செய்தியில் வரும் சகோதரிகளான, பணிவிடை செய்த மார்த்தாவும் ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாவும் சேர்ந்தே அவரை உபசரிக்க வேண்டும் என்கிறார். சமையலறைப் பாத்திரங்களுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று மடத்துச் சகோதரிகளுக்கு எழுதியவரும் அவரே. 1572-இல் இந்த ஒன்றிப்பை அடைந்ததாகக் குறிப்பிடும் அவர், அதற்குப் பிறகும் மூடு வண்டியிலும் கோவேறு கழுதை மீதும் ஊர் ஊராகச் சென்று மடங்கள் நிறுவினார். கடைசி மடத்தை 1582-இல் புர்கோஸ் நகரில் தொடங்கினார். அதே ஆண்டு, ஆல்பா தே தோர்மெஸ் ஊரில் உயிர் துறந்தார்.